கைகாட்டியைக் கழற்றுமுன் ஒரு திகதி சொல்லுங்கள்

மஹவவிலிருந்து அநுராதபுரம் வரை சிக்னல் மாற்றும் வேலையைப் பொறுப்பெடுத்திருக்கும் அதிகாரிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும், அந்தப் பாதையில் இரவு பகலாக லீவர் இழுத்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வவுனியாவில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம், இதுதான் சோறு போடுகிற வேலை. போயா நாள் வந்தால் கடையைப் பூட்டிவிட்டுக் கமராப் பையோடு தெற்கே வண்டி ஏறிவிடுவேன். கல்கமுவ, தம்புத்தேகம, தலாவ என்று ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, வெயில் சாயும்வரை ரயில் பிடிப்பேன். பிடிப்பது என்றால் படம் பிடிப்பதுதான். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுதத் தேவையில்லை.

விசயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் அநுராதபுரத்தில் வைத்து, மஹவவிலிருந்து ஓமந்தை வரை புதுப்பித்த 128 கிலோமீற்றர் பாதையைத் திறந்துவைத்தார்கள். அதே நாளில் மஹவ–அநுராதபுரம் சிக்னல் வேலையும் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த வேலையோடு பழைய கைகாட்டிகள், அதாவது கம்பத்து உச்சியில் ஒரு கையை ஏற்றி இறக்கி வண்டிக்கு நில், போ என்று சொல்லும் சிக்னல்கள், கழற்றப்பட்டுவிடும். பாதைக்கு 91.27 மில்லியன் டொலர், சிக்னலுக்கு 14.89 மில்லியன் டொலர். அன்று இரவு செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் எல்லோரும் கொழும்புக்கு எத்தனை மணித்தியாலத்தில் போகலாம் என்று கணக்குப் போட்டார்கள். நான் ஒரு கொப்பியை எடுத்து, எந்தெந்த ஸ்டேசனில் எந்தெந்தக் கைகாட்டியை இதுவரை எடுக்காமல் விட்டிருக்கிறேன் என்று எழுதத் தொடங்கினேன். பக்கம் நிறைந்துவிட்டது.

கேட்க வந்தது ஒன்றுதான். எந்த ஸ்டேசனில் எந்த நாள் கைகாட்டியைக் கழற்றப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே வெளியில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கழற்றுவதற்கு முதல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கள் ஆள் ஒருவரின் கண் முன்னாலேயே, எங்களை உள்ளே விட்டுப் படம் எடுக்க விடுங்கள். ஏன் இப்படி ஒரு மடல் எழுதும் அளவுக்கு இது எனக்குப் பெரிய விசயம் என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். பழைய சாமானைத் தொடாதே என்று கொடி பிடிக்க வந்தவன் இல்லை நான். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் என்ன நடக்கும் என்பது இந்தப் பாதையில் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். நீங்கள் இன்னும் கையில் வைத்திருக்கிற டெப்லட், ஒற்றைப் பாதைக்குள் போகலாம் என்று சாரதிக்குக் கொடுக்கிற அந்தத் தட்டு, அதுகூட ஒரு விபத்தின் பிள்ளைதான். 1874இல் இங்கிலாந்தில் நோரிச் பக்கம் தோர்ப் என்ற இடத்தில், தந்திச் செய்தி குழம்பி இரண்டு வண்டிகள் ஒற்றைப் பாதையில் முட்டி 25 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் யோசித்துச் செய்த பெட்டி அது. இரண்டு ஸ்டேசனிலும் ஒவ்வொரு பெட்டி. அங்கே இருப்பவர் சம்மதித்து விட்டால்தான் இங்கே ஒரு தட்டு வெளியே வரும், அந்தத் தட்டு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்தது வராது. தட்டு கையில் இல்லாத சாரதி அந்தத் துண்டுப் பாதைக்குள் போகக் கூடாது. எவ்வளவு எளிமையான யோசனை, நூற்றைம்பது வருசமாகிறது, இன்னும் வேலை செய்கிறது.

ஆனாலும் காலம் அதோடு நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியன்று பெரேலியாவில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. கடல் வருகிறது என்று தெரிந்த பிறகும் அந்த வண்டியை நிறுத்தச் செய்தி போய்ச் சேரவில்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அன்று அந்த வண்டியை இழுத்த 591, மானிட்டோபா என்று பெயர் எழுதிய எம்2 ரக எஞ்சின், அதைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டீர்கள். அந்த எஞ்சினைப் படம் எடுக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கும். அதனால், ஓடுகிற வண்டிக்கு உடனே செய்தி சொல்லக்கூடிய, வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு திரையில் காட்டக்கூடிய முறை வருவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார். வரட்டும், சீக்கிரம் வரட்டும்.

சரி, கைகாட்டிக்கு வருவோம். உங்களில் பலருக்கு அது பராமரிக்க வேண்டிய ஒரு இரும்புக் கம்பம். எண்ணெய் போடு, கம்பியை இறுக்கு, பெயின்ட் அடி. எனக்கு அது ஒரு ஆள். தண்டவாளத்துக்கு இடப்பக்கம் நின்று, சிவப்புக் கையை நேராக நீட்டி, அதன் நுனிக்குக் கிட்ட ஒரு வெள்ளைப் பட்டையோடு, "நில்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். வண்டி வர வேண்டிய நேரத்தில் முதலில் சத்தம்தான் கேட்கும். சிக்னல் கேபினில் லீவரை இழுத்ததும் தரையோரமாக ஓடுகிற கம்பி துடிக்கும், கப்பிகள் கிறீச்சிடும், எடைக்கல் மேலே எழும், அப்புறம்தான் அந்தக் கை சட்டென்று கீழே விழும். விழுந்த பிறகும் ஒரு சின்ன ஆட்டம் ஆடி அடங்கும். கடவையில் சைக்கிளோடு நிற்பவர், மாட்டை ஓட்டிக்கொண்டு வருபவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோருக்கும் அதைப் படிக்கத் தெரியும். "கை விழுந்திட்டுது, வண்டி வருது" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் செய்தியை வாசிக்க எந்த மொழியும் தேவைப்படவில்லை. இந்த நாட்டில் அப்படி எத்தனை பலகை இருக்கிறது சொல்லுங்கள்.

படம் எடுப்பவனுக்கு இது ஒரு பைத்தியக்கார விளையாட்டு. கை விழுந்திருக்க வேண்டும், வண்டியின் முகமும் அதே சட்டத்துக்குள் வர வேண்டும். ஆனால் வண்டி தாண்டியதும் லீவரைத் திரும்பப் போட்டுவிடுவார்கள், கை எழுந்துவிடும். கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே சரியான தூரம் அமைகிற நேரம் இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. அந்த மூன்று விநாடிக்காக ஐந்து மணித்தியாலம் ஒரு பனைமர நிழலில் குந்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு முறை சரியாக அந்த நேரத்தில் ஒரு நாய் வந்து கம்பத்தடியில் காலைத் தூக்கியது. அந்தப் படம்தான் என் ஸ்டூடியோச் சுவரில் தொங்குகிறது, எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன், உங்கள் ஆட்களுக்கு இது பழக்கமான விசயம். எங்கள் வரண்ட வலயத்து வெயிலில் மத்தியானம் கம்பி நீளும். காலையில் சுத்தமாக விழுகிற கை பகல் ஒரு மணிக்கு அரைகுறையாக விழும், மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் சோம்பேறித்தனமாக. உடனே கேபின்காரர் கம்பியைச் சரிக்கட்டுவார். அதனால் ஒரு கைகாட்டிப் படத்தைப் பார்த்தே அது காலையா மத்தியானமா என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். வெளிச்சத்தைப் பார்த்தும் சொல்லலாம்தான், ஆனால் கையைப் பார்த்துச் சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறது. கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும் என்று முதல் தடவை கேட்டபோது ஒரு நிலைய அதிபர் கம்பத்தைக் காட்டி, கண்ணாடி மாட்டிய பக்கத்தில் பாரம் அதிகம், அறுந்தால் கை தானாக எழுந்து "நில்" என்றுதான் காட்டும் என்று சொன்னார். தப்பு நடந்தாலும் பத்திரமான பக்கமாக நடக்கும்படி இரும்பிலேயே ஒரு புத்தியை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு முறை பனி உறைந்து கை எழும்பாமல் விபத்தே நடந்திருக்கிறது, 1876, அபொட்ஸ் ரிப்டன். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, நுவரெலியாவில் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த அளவுக்கு இல்லை.

நிறவிளக்குகளையும் நான் எடுக்கிறேன். அநுராதபுரத்துக்கு வடக்கே இப்போது எல்லாம் அதுதானே. ஆனால் ஒரு சங்கடம். அந்த விளக்கின் ஒளி சாரதியின் கண்ணுக்கென்று ஒடுக்கமாக, நேராகப் போகிறது. பக்கத்தில் நிற்பவனுக்கு அது அணைந்த விளக்கு மாதிரித்தான் தெரியும். படத்தில் ஒரு கம்பமும் கறுப்புத் தகடும்தான் விழும், சிவப்பா பச்சையா என்று பேரப்பிள்ளைக்குச் சொல்ல முடியாது. கைகாட்டி அப்படி இல்லை. பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, எதிர்வெயிலில் வெறும் நிழலுருவமாக, எப்படி எடுத்தாலும் அது என்ன சொல்கிறது என்று தெரியும். சென்னைப் பெரம்பூரில் செய்த எஸ்13 வண்டி ஒன்று, அதற்கு மேலே ஆங்கிலேயர் காலத்துப் பாணியில் ஒரு கைகாட்டி, பின்னால் ஒரு குளக்கட்டு. இந்த மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அகப்படுவது இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான்.

இவ்வளவும் ஒரு படக்காரனின் ஆசை. இனிமேல் சொல்வது வேறு.

என் பெரியப்பா மாங்குளத்தில் பொயின்ட்ஸ்மேனாக, தண்டவாளம் பிரியும் இடத்தில் பாதை மாற்றிவிடுகிறவராக, இருந்தவர். 1990 ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. 1956இலிருந்து ஓடிய யாழ்தேவி வவுனியாவோடு திரும்பியது, சில காலம் அதுவரைகூட வரவில்லை. அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போயின. பாலம் போனது, ஸ்டேசன் கூரை போனது, கைகாட்டிக் கம்பங்கள் எங்கே போயின என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை, உயிரைக் காப்பாற்றுவதே பெரிய பாடாக இருந்தது. பிறகு 2011இல் ஓமந்தை, 2013இல் கிளிநொச்சி, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் என்று பாதை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வந்தது புதுப் பாதை, புது ஸ்டேசன், நிறவிளக்கு. யாழ்ப்பாணத்துக்கு முதல் வண்டி போன அன்று பெரியப்பா வாசலில் நின்று கும்பிட்டார், அதில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். பெரியப்பாவும் அவரோடு வேலை செய்த இன்னொரு ஐயாவும் சந்தித்தால் ஒரு சண்டை நடக்கும். மாங்குளத்தில் வடக்குப் பக்கத்துக் கைகாட்டி அந்தப் பெரிய பாலை மரத்துக்கு முன்னால் நின்றதா பின்னால் நின்றதா என்று. பத்து வருசமாக நடக்கிறது. பெரியப்பா முன்னால் என்பார், வண்டி வளைவில் திரும்பும்போதே தெரியும் என்பார். அந்த ஐயா பின்னால் என்பார், கிளை மறைக்கிறது என்று தானே கத்தி எடுத்துக்கொண்டு போய் வெட்டியதாகச் சொல்வார். இப்போது மரமும் இல்லை, கைகாட்டியும் இல்லை. தீர்த்துவைக்க ஒரு படம் இருந்தால் போதும், இல்லை. எங்கள் குடும்பத்தில் இருப்பது ஒரே ஒரு படம். சித்தி கல்யாணமான புதிதில் கூறைச்சேலையோடு ஸ்டேசன் மேடையில் நிற்கிறார், தோளுக்குப் பின்னால் ஒரு கம்பமும் அரைக் கையும். படம் எடுத்தவர் சித்தியைத்தான் பார்த்தார், கைகாட்டி தற்செயலாக வந்து விழுந்தது. அதைப் பெரிதாக்கி, கூர்மையாக்கி, தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மரம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

ஏன் வேறு படங்கள் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். கமரா இல்லாத காலம் என்று சொல்லித் தப்பிக்கலாம், அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் கமராவோடு தண்டவாளத்துக்குக் கிட்ட நின்றால் அவன் வீடு திரும்புவது நிச்சயமில்லை. போர்க்காலத்தில் வடக்கின் கடைசி ஸ்டேசனாக இருந்த ஊரில் வளர்ந்தவன் நான். பத்து வயதில் ஸ்டேசனைப் பார்த்து ஒரு படம் வரைந்ததற்கே அம்மா அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். அம்மா மேல் பிழை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், வடக்கில் போன கைகாட்டிகள் சொல்லிவிட்டுப் போகவில்லை. அது யுத்தம், யாரிடம் போய்க் கேட்பது. இப்போது நடப்பது யுத்தம் இல்லை. ஒப்பந்தம் போட்டு, வரைபடம் வரைந்து, அட்டவணை எழுதி, நிதானமாகச் செய்கிற வேலை. எந்தக் கிழமை எந்த ஸ்டேசன் என்று எங்கேயோ ஒரு மேசையில் ஒரு தாள் கட்டாயம் இருக்கும். அந்தத் தாளைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. போன வருசம் ஒரு ஸ்டேசனில், எந்த ஸ்டேசன் என்று எழுதப் போவதில்லை, மேடையின் நுனியில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். நிலைய அதிபரிடம் கேட்டுத்தான் நின்றேன், அவர் தலையாட்டினார். அரை மணித்தியாலம் கழித்துச் சீருடையில் ஒருவர் வந்து கமராவைக் கேட்டார். யார் நீங்கள் என்று நானும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். எங்கிருந்து வருகிறாய் என்றார், வவுனியா என்றேன், அதோடு குரல் மாறிவிட்டது. படங்களை ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். அன்றைக்கு நாற்பத்தியொரு படம். அதில் ஒன்று டெப்லட் மாற்றுகிற படம், வண்டி வேகம் குறைக்காமலே வர, சாரதியின் உதவியாளர் கையை நீட்டித் தட்டு மாட்டிய வளையத்தைக் கோத்தெடுக்க, வளையம் பாதி காற்றிலும் பாதி முழங்கையிலுமாக. அப்படி ஒன்று இதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. நான் அழித்துவிட்டேன், பயத்தில். வண்டி ஏறிய பிறகுதான் கை நடுங்கியது.

அந்த மனிதரை நான் குறை சொல்லி முடிக்கப் போவதில்லை, அவருக்கு யாரும் ஒன்றையும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கே நிற்கலாம், எதை எடுக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிய ஒரு தாளை நான் இதுவரை எந்த ஸ்டேசன் சுவரிலும் கண்டதில்லை. ஒரு இடத்தில் நிலைய அதிபர் கதிரை போட்டுப் பிளேன்ரீ ஊற்றித் தருகிறார், "மல்லி, பரிஸ்ஸமென்", தம்பி கவனம் என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி லீவர்களை ஒவ்வொன்றாகக் காட்டித் தருகிறார். அடுத்த ஸ்டேசனில் பையைத் திறந்தாலே சந்தேகம். ஆளைப் பொறுத்து விதி மாறுகிறது என்றால், வவுனியா என்று சொல்கிறவனுக்கு அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் மாறும், நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த இடத்தில் என்னோடு படம் எடுக்கிற பெடியன்களுக்கும் ஒரு வார்த்தை, அதிகாரிகள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளலாம். தண்டவாளத்துக்கு நடுவில் நின்று எடுத்த படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டாதீர்கள். பாலத்தில் நின்று, சுரங்க வாயில் நின்று, ஓடுகிற வண்டியின் வாசலில் உடம்பை வெளியே தொங்கவிட்டு எடுப்பதெல்லாம் மலையகத்தில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகும்போது நிறையப் பேர் செய்கிறார்கள், அதில் செத்தவர்களும் இருக்கிறார்கள். பக்கவாட்டில் வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கமராக் கண்ணாடிக்குள் தெரியாது, எனக்கே ஒரு முறை காற்று அடித்துத் தொப்பியைக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ஒருவர் பிழை விட்டால் அடுத்த நாள் எல்லோருக்கும் கதவு பூட்டு. உங்களுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கக் காசு சேர்க்கத் தெரியுமென்றால், பத்தடி தள்ளி நிற்கவும் தெரிய வேண்டும்.

சரி, அதிகாரிகளே, திரும்ப உங்களிடம். நான் கேட்கிற அந்த ஒரு நாளை எப்படி நடத்தலாம் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒரு ஸ்டேசனுக்குப் பத்துப் பேர் போதும். அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைப் பதியட்டும், மஞ்சள் சட்டை போடச் சொல்லுங்கள், போடுகிறோம், சட்டையை நாங்களே கொண்டுவருகிறோம். உங்கள் ஆள் ஒருவர் விசிலோடு நிற்கட்டும், அவர் ஊதினால் பின்னால் போகிறோம். கைகாட்டி மட்டும் போதாது, கேபினுக்குள் லீவர் வரிசையையும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு லீவர் பிடியும் எத்தனை கை பட்டுப் பளபளத்திருக்கிறது என்று பார்த்தாலே அந்த ஸ்டேசனில் எந்தப் பாதை அதிகம் பாவிக்கப்பட்டது என்று தெரியும், அந்தப் பளபளப்பு எந்த வரைபடத்திலும் இல்லை. டெப்லட் பெட்டியை எடுக்க வேண்டும், அதன் மணிச் சத்தத்தைப் பதிய வேண்டும். முக்கியமாக, அதை இயக்குகிறவர்களை எடுக்க வேண்டும், அவர்கள் சம்மதித்தால். இருபது வருசம் அந்த லீவரை இழுத்தவருக்கு அதன் பக்கத்தில் நிற்கிற ஒரு நல்ல படம்கூட வீட்டில் இருக்காது, நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சட்டம் போட்டு ஒரு பிரதி கொடுப்பது என் பொறுப்பு. எல்லாப் படத்தின் பிரதியும் உங்களுக்கும் தருகிறோம், காசு வேண்டாம், எங்கள் பெயரைக்கூடப் போடத் தேவையில்லை. எந்தக் கம்பம், எந்தப் பக்கம், எந்த மரத்துக்கு முன்னால் என்று எழுதி ஒட்டித் தருவோம். முன்னாலா பின்னாலா என்று பிறகு யாரும் சண்டை பிடிக்கக் கூடாது.

கழற்றிய இரும்பு எங்கே போகும் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, பெரும்பாலும் பழைய இரும்புக் கடைதான். ஆனால் ஒரு முழுத் தொகுதியையாவது காப்பாற்றுங்கள். கடுகண்ணாவையில் 2014இல் புகையிரத நூதனசாலையைத் திறந்தீர்கள், நல்ல காரியம். அங்கே வெறும் கம்பத்தை நட்டுப் பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டால் அது சோளக்கொல்லைப் பொம்மை. லீவர், கம்பி, கப்பி, எடைக்கல், கை, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஒரு பிள்ளை வந்து லீவரை இழுத்தால் தூரத்தில் கை விழுவதைப் பார்க்கும்படி வையுங்கள். டெப்லட் பெட்டியையும் சோடியாகவே வையுங்கள், ஒற்றைப் பெட்டி ஒரு காதில் போட்ட தோடு மாதிரி. இன்னுமொன்றை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நிறுத்த முடியுமானால் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்களிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மலையகப் பாதையில் இன்னும் கைகாட்டி இருக்கிறதே, அங்கே போய் எடுக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிறதுதான், அதையும் எடுத்திருக்கிறேன், மூடுபனிக்குள் கை மட்டும் மிதப்பது போல ஒரு படம் நானுஓயாவில் கிடைத்தது. ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து அந்தப் பாதையைப் பல இடங்களில் மண்ணோடு இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு, "அங்கே இருக்கிறது, பிறகு எடுக்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வரண்ட நிலத்துக் கைகாட்டிக்கு வெளிநாட்டுக்காரர் வந்து வரிசையில் நிற்கப் போவதில்லை, தேயிலை மலை இல்லை, ஒன்பது வளைவுப் பாலம் இல்லை. காய்ந்த வயலும் பாலை மரமும் ஆனைக்காகக் கட்டிய வேலியும்தான். எல்லாம் முடிந்த பிறகு, ஐயோ ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று சொல்லவும் ஆள் இருக்காது. அதனால்தான் இப்போதே அவசரப்படுகிறேன்.

கடைசியாக ஒரு தனிப்பட்ட வேண்டுகோள். பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. விளக்கில் மண்ணெண்ணெய் விட ஏணியில் ஏறியதைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். பச்சைக்கென்று வைத்த கண்ணாடி பகலில் பார்த்தால் நீலமாக இருக்குமாம், இரவில் மஞ்சள் சுடர் பின்னால் எரியும்போதுதான் அது பச்சையாகுமாம். சின்ன வயதில் நான் இதை நம்பவில்லை, பிறகு ஒரு ஸ்டேசனில் கழற்றி வைத்திருந்த கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். அவருக்கு இந்த மடலைப் பற்றிச் சொன்னேன். நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஒருக்கா இழுத்துப் பார்க்க விடுவினமோ" என்று மட்டும் கேட்டார்.

முழங்கால் ஏலாது, ஏணியில் ஏற மாட்டார். கேபின் படி உயரமென்றால் நான் தூக்கி ஏற்றுகிறேன். வண்டி வராத ஒரு நேரம் பார்த்து, உங்கள் ஆள் பக்கத்தில் நிற்க, ஒரே ஒரு தடவை. நான் வெளியே கம்பத்தடியில் நின்று கை விழுவதை எடுத்துக்கொள்கிறேன். திகதியை மட்டும் இரண்டு கிழமைக்கு முன் சொல்லுங்கள், அவரைக் கூட்டிவர ஒரு வேன் பேச வேண்டும்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு படக்காரன்